கல்லிடைக்குறிச்சி ரேழியில் தொங்கிய ‘பிரம்மச்சாரிகள்’: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 செப்டம்பரில் அம்ரிதா ஷேர்கில் வரைந்த ‘கதைசொல்லி’ ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. 1937-ல் வரைந்த படம். அதுவரை எந்த இந்திய ஓவியரின் படத்துக்கும் ஏலத்தில் அவ்வளவு விலை வந்ததில்லை. செய்தி நம்மூர்ப் பத்திரிகைகளிலும் வந்தது. வந்த பத்து நாளில் எனக்கு பெங்களூரிலிருந்து ஒரு போன்.

“சார், கல்லிடைக்குறிச்சியில எங்க பாட்டி வீட்டு ரேழியில ஒரு அம்ரிதா ஷேர்கில் இருக்கு. நீங்க போய்ப் பார்த்துச் சொல்லணும்.”

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்துவிட்டு, இப்போது அம்பாசமுத்திரத்தில் படத்துக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். தஞ்சாவூர்ப் படம், ரவிவர்மா அச்சுப் படம், கல்யாண போட்டோ எது வந்தாலும் தூசி தட்டி, ராமபாணப் பூச்சி அரித்த அட்டையை மாற்றி, புதுக் கண்ணாடி போட்டுக் கொடுப்பேன். ‘ஒரிஜினல்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் வருஷத்துக்கு நாலு பேராவது உண்டு. பெரும்பாலும் ரவிவர்மா. ஷேர்கில் என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அதனால்தான் போனேன்.

வீட்டுக் கதை

கல்லிடைக்குறிச்சிக்காரர்களுக்கு ‘ஒரிஜினல்’ என்ற சொல் புதிதல்ல. குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-ல் திருட்டுப் போய், ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஒன்றில் இருப்பது தெரிந்து, 2019-ல் ஊர் திரும்பினார். பழைய புகைப்படத்தை வைத்து இது நம்ம சாமிதான் என்று நிரூபித்த கதை அக்ரஹாரத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு பொருள் எங்கே பிறந்தது, யார் கையில் இருந்தது என்று கேட்பது அங்கே அப்பளம் காயப்போடுவதுபோல அன்றாடப் பேச்சு.

மாமிக்கு எழுபத்துநாலு வயது. ரேழியில் மீட்டர் பெட்டிக்கு எதிர்ச் சுவரில் படம். மேல்சட்டையில்லாமல், வெள்ளை வேட்டியும் பூணூலுமாக ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஆளுக்கொரு தோல் நிறம்.

“இதோ பாருங்கோ வாத்தியார், இடது கைப்பக்கம் ரெண்டாவதா உக்காண்டிருக்காரே, அவர்தான் எங்க மாமனார்.”

கதை இப்படிப் போகிறது. மாமனார் 1922-ல் பிறந்தவர். பாடசாலையில் வேதம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் பையன்களாகச் சேர்ந்து கன்னியாகுமரிக்குக் கடலாடப் போயிருக்கிறார்கள். அங்கே புடவை கட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா இவர்களை உட்காரவைத்துப் படம் எழுதினாராம். பிற்பாடு படத்தை அனுப்பியும் வைத்தாராம்.

கேட்டதும் தள்ளிவிட முடியாத கதை. ஷேர்கில் தெற்கே வந்தது உண்மை, கன்னியாகுமரிக்கு வந்ததும் உண்மை. ‘பிரம்மச்சாரிகள்’ என்று ஒரு படம் வரைந்ததும் உண்மை. அதில் ஐந்து பேர்தான்.

முதல் பார்வையில் நான் செய்த தப்பு

ரேழியில் வெளிச்சம் போதாது. கண்ணாடி உடைந்து பல வருஷம் ஆகிவிட்டதால் படம் வெறுமனே இருந்தது. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். தூரிகை இழுத்த கோடுகள் மேடாகத் தெரிந்தன. விரலால் தொட்டால் வழவழப்பு.

“எண்ணெய்ச் சாயம் மாதிரிதான் தெரியுது, மாமி” என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஒரு வரி சாயங்காலத்துக்குள் பெங்களூர் போய், அங்கிருந்து சென்னையில் ஒரு தரகரிடமும் போய்விட்டது. ‘மாதிரி’ என்ற சொல் வழியிலேயே எங்கோ இறங்கிக்கொண்டது.

மறுநாள் படத்தைக் கழற்றி முற்றத்து வெயிலுக்குக் கொண்டுவந்து, அச்சகக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். வேட்டியின் மடிப்பில் வைத்ததுமே விஷயம் முடிந்துவிட்டது. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் நீலம், மஞ்சள், சிவப்புப் புள்ளிகள் வரிசை பிசகாமல் சாய்ந்து நின்றன. நிழல் விழுந்த இடத்தில் கறுப்புப் புள்ளியும் சேர்ந்து குட்டிக் குட்டி ரோஜா மாதிரி வட்டம் கட்டியிருந்தது. நாலு வர்ண அச்சு. சிவகாசியில் ஒரு வருஷம் வேலை பார்த்த பையனைக் கூப்பிட்டால் அவனே சொல்லிவிடுவான்.

அப்படியானால் அந்தத் தூரிகைக் கோடுகள்? யாரோ அச்சுப் படத்தின் மேல் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். கோடு முழுக்க வார்னிஷுக்குச் சொந்தம். மூக்கின் மேலும், பின்னால் வெறும் சுவரின் மேலும், முழங்காலின் மேலும் ஒரே திசையில் இடமிருந்து வலமாக ஓடின. ஓவியர் இழுத்த கோடு உருவத்தோடு திரும்பும். மூக்கைச் சுற்றிப் போகும், தோளில் வளையும். கதவுக்கு அடிக்கிற மாதிரி ஒரே போக்கில் போகாது. அதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

அளவும் ஒத்துவரவில்லை. மாமி வீட்டுப் படம் பதினெட்டு அங்குல அகலம். மூலம் நாலடிக்கு மேல் நீளமுள்ள கேன்வாஸ், டெல்லி தேசிய நவீன ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

அத்தோடு வேலை முடிந்தது என்று சட்டத்தை மாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் பேரன் விடவில்லை. “சரி சார், இது பிரின்ட். ஆனா அந்தப் படத்துல இருக்கிறது எங்க கொள்ளுத் தாத்தாவா இல்லையா?” இதற்கு லென்ஸ் உதவாது. அந்த அம்மாளின் வாழ்க்கையைத் தேதிவாரியாகப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

தேதிகள்

அம்ரிதா பிறந்தது 1913 ஜனவரி 30, புடாபெஸ்டில். அப்பா உம்ராவ் சிங் ஷேர்கில், பஞ்சாபின் மஜீட்டியா குடும்பத்துச் சீக்கியர். சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்தவர், விடாமல் புகைப்படம் எடுத்தவர். அம்மா மரீ ஆன்டுவானெட் ஹங்கேரிக்காரர், இசைப் பாடகி. ஆக ‘வெள்ளைக்கார அம்மா’ என்ற மாமி வீட்டுப் பேச்சு பாதிதான் சரி. முதல் உலகப் போர்க் காலம் முழுக்க ஹங்கேரியில் இருந்துவிட்டு, 1921-ல் குடும்பம் சிம்லாவுக்கு வந்தது.

1929-ல் பாரிஸ். அங்கே எக்கோல் தே போசார் கலைப்பள்ளியில் லூசியன் சிமோனிடம் படித்தார். இந்த ஐந்து வருஷத்தைத்தான் நம் ஆட்கள் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். பணக்கார வீட்டுப் பெண், பாரிஸ், காதல் என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்தக் காலத்துப் பாரிஸ் கலைப்பள்ளி என்றால் உடற்பயிற்சிக்கூடம் மாதிரி. உயிருள்ள ஆளை நிறுத்திவைத்து, நாள்தோறும் மணிக்கணக்கில் எலும்பும் தசையும் எங்கே திரும்புகிறது என்று வரைந்துகொண்டே இருக்க வேண்டும். 1932-ல் வரைந்த ‘இளம்பெண்கள்’ படத்துக்கு மறு வருஷம் பாரிஸ் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு இருபது வயது. பிற்பாடு அவர் உருவங்களை எவ்வளவு தட்டையாக்கினாலும் அந்த உடம்புக்குள் எலும்பு இருப்பது தெரியும். பள்ளியில் பையன்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியிருக்கிறது.

உன் வர்ணங்களுக்கு மேற்கின் சாம்பல் வெளிச்சம் பொருந்தாது, கிழக்கில்தான் அவை பிழைக்கும் என்று ஆசிரியரே சொன்னதாக அம்ரிதா பின்னால் எழுதியிருக்கிறார். 1934 முடிவில் இந்தியா திரும்பினார். 1935-ல் சிம்லாவின் கலைச் சங்கம் அவருடைய சில படங்களைக் கண்காட்சிக்கு ஏற்காமல் திருப்பிவிட்டு, ஏற்றதில் ஒன்றுக்குப் பரிசு கொடுத்தது. அவர் பரிசைத் திருப்பி அனுப்பினார். இருபத்திரண்டு வயது!

நமக்கு வேண்டிய இடம் இனிமேல்தான். 1936 கடைசியில் ஓவியர் பரதா உக்கிலோடு சேர்ந்து, படங்களை எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கிக் கிளம்பினார். பம்பாய், அஜந்தா, எல்லோரா, ஹைதராபாத். ஹைதராபாத்தில் நவாப் சாலார் ஜங் வாங்குவார் என்று எதிர்பார்த்தது நடக்கவில்லை. பிறகு திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி. அப்போது கன்னியாகுமரி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அவர் வந்த சமயம் சமஸ்தானத்தில் ஊரெல்லாம் ஒரே பேச்சு: 1936 நவம்பர் 12-ல் மகாராஜா சித்திரைத் திருநாள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்டிருந்தார்.

பேரன் இங்கே ஒரு வாதம் வைத்தார். அப்போதே திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி, செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடியது, அதனால் நம் ஊரைத் தாண்டித்தானே போயிருப்பார் என்று. ரயில் ஓடியது சரி. தண்டவாளத்தின் ஓரத்தில் இருக்கிற வீடெல்லாம் சாட்சி ஆகிவிடாது.

இந்தப் பயணத்தில் அவரை உலுக்கியவை இரண்டு. ஒன்று அஜந்தா. மற்றொன்று கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரில் இருக்கும் ராமாயண ஓவியங்கள். அவற்றின் முன்னால் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து நகல் எடுத்தார். அஜந்தாவின் ஒரு சுவரோவியத்துக்கு ஐரோப்பிய மறுமலர்ச்சி மொத்தமும் ஈடாகாது என்று 1934-லேயே கடிதத்தில் எழுதியவர் அவர். இருபத்தொரு வயதின் வேகம் என்று வைத்துக்கொண்டாலும், அவர் எதைப் பார்த்தார் என்பது நமக்குப் புரியாத விஷயமில்லை. திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் ஏணிப்படி ஏறி, அந்த இருட்டில் சுவரோவியங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குற்றாலம் சித்திரசபைச் சுவரிலும் இருக்கிறது. உருவத்தைச் சுற்றி அறாத கோடு, உள்ளே நிரவிய ஒரே வர்ணம், இடைவெளி இல்லாமல் தோளோடு தோள் இடித்து நிற்கும் கூட்டம். தூரம், ஆழம் என்று எதுவும் கிடையாது. எல்லாரும் சுவரின் மேல்பரப்பிலேயே வாழ்கிறார்கள்.

‘பிரம்மச்சாரிகள்’ படத்தில் அந்த ஐவரும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் யாரையும் பார்க்கவில்லை. பூணூல் ஒவ்வொரு மார்பிலும் ஒரு கோடு. கரிய தோல் பக்கத்தில் மாநிறம், அதன் பக்கத்தில் வெளுப்பு என்று தோலையே வர்ணப் பெட்டியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். வேட்டியின் வெள்ளை மட்டும் குறுக்கே ஓடி எல்லாரையும் ஒன்றாகக் கட்டுகிறது. முகங்களில் ஆளடையாளம் குறைவு. இது உருவப்படம் இல்லை, தாத்தாவைத் தேடுவதற்கு.

தேதி அதைவிடத் திட்டமாகச் சொல்கிறது. இந்தப் படமும், ‘மணமகள் அலங்காரம்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்’ என்ற மற்ற இரண்டும் சேர்ந்து அவருடைய தென்னிந்திய மூன்று படங்கள் என்று பெயர் பெற்றவை. மூன்றையும் அவர் வரைந்தது 1937-ல் சிம்லாவில், ஊர் திரும்பிய பிறகு. கடற்கரையில் பையன்களை உட்காரவைத்து எழுதிய படம் அல்ல அது. மனதில் தங்கிய தெற்கை, தேவதாரு மரம் தெரியும் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டியெழுப்பியது.

நம் பக்கத்துக் கதை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அன்று திருநெல்வேலிச் சீமையில் வீட்டுச் சுவருக்குப் படம் என்றால் ரவிவர்மா அச்சு, கொஞ்சம் பின்னால் கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போய், கோவில்பட்டியில் தங்கி, சீடர்களைச் சேர்த்து, தமிழ்நாட்டின் சாமிகளுக்கெல்லாம் முகம் கொடுத்தவர் அவர். அந்த லட்சுமியும் முருகனும் ரோஜா நிறம், லேசான புன்னகை, கன்னத்தில் மினுமினுப்பு. வயல்வெளியில் யாரும் அந்த நிறத்தில் இருந்ததில்லை. நான் கொண்டையராஜுவைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் படங்களுக்குச் சட்டம் போட்டுத்தான் எனக்குச் சோறு. ஆனால் அதே காலத்தில் கறுப்பைக் கறுப்பாகவே, வெயிலுக்குக் கூசாமல் ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தாள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். சிரிக்காத, அலங்கரிக்காத ஐந்து பேரை நம்மூரில் யார் கூடத்தில் மாட்டியிருப்பார்கள்? மாமி வீட்டில் மாட்டினார்கள், தாத்தா என்று நினைத்ததால்.

சட்டத்தின் முதுகு

படம் எப்படி வந்தது என்பது பின்பக்கத்தில் இருந்தது. ஆணியைப் பிடுங்கி அட்டையை எடுத்ததும் உள்ளே பழைய இந்திப் பத்திரிகைத் தாள், பூச்சி தின்றது போக மிச்சம். தேதி 1968. சட்டத்தின் கீழ்க்கட்டையில் கிழிந்த சீட்டு ஒன்று, ‘கரோல் பாக்’ என்று வாசிக்க முடிந்தது. கடைப் பெயர் போய்விட்டது.

“டெல்லியில யார் இருந்தா மாமி?”

“எங்க மச்சினர்தான். சென்ட்ரல் கவர்மென்ட். கரோல் பாக்லதானே குடியிருந்தார்.”

“மாமனார் தன் வாயால இந்தக் கடற்கரைக் கதையைச் சொல்லிக் கேட்டிருக்கேளா?”

மாமி கொஞ்ச நேரம் யோசித்தார். “அவர் எங்கே பேசினார்? மச்சினர்தான் படத்தைக் கொண்டுவந்து மாட்டிண்டே சொன்னார், அப்பா மாதிரியே இருக்கார் பாருங்கோன்னு.”

‘மாதிரி’ மறுபடியும். ஐம்பத்தைந்து வருஷத்தில் அது உதிர்ந்து ‘அப்பாதான்’ ஆகிவிட்டது. கன்னியாகுமரியும் கடலாடலும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. அநேகமாக ஏதோ வாரப்பத்திரிகையில் ஷேர்கில் பற்றி யாரோ படித்த பிறகு.

மிச்ச வாழ்க்கை

பேரனுக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் இதைச் சுருக்கமாகத்தான் வைத்தேன். 1937 நவம்பரில் லாகூரில் ஃபலெட்டி ஹோட்டலில் தனிக் கண்காட்சி. 1938-ல் ஹங்கேரி போய், அம்மா வழி உறவான டாக்டர் விக்டர் ஏகனைக் கல்யாணம் செய்துகொண்டு, மறு வருஷம் திரும்பினார். கோரக்பூர் பக்கம் சராயாவில், குடும்பத்தின் சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் வாசம். அங்கே வீட்டு முற்றத்துப் பெண்களையும், ஊஞ்சலையும், யானைகளையும் வரைந்தார். பெரிய சுவரோவிய மனிதர்கள் போய், மொகலாய, பஹாடிச் சிற்றோவியங்களின் சூடான சிவப்பும் பச்சையும் வந்தன. 1940-ல் வரைந்த ‘மஞ்சள் அரைக்கும் பெண்கள்’ படத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், அம்மிச் சத்தம் கேட்கும். 1941 செப்டம்பரில் லாகூருக்குக் குடிபோனார். டிசம்பரில் கண்காட்சி திறப்பதாக இருந்தது. சில நாள் நோயில் டிசம்பர் 5 இரவு இறந்துபோனார். இருபத்தெட்டு வயது.

சாவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். புருஷனைக் குறை சொன்ன தாயின் பேச்சு முதல் இன்றைய யூடியூப் வரை. எனக்கு அதில் ருசி இல்லை. பாரிஸிலிருந்து திரும்பிய பிறகு அவர் கையில் இருந்தது ஏழே வருஷம். அதில்தான் இத்தனையும். உயிரோடு இருந்தபோது படங்கள் பெரிதாக விற்கவில்லை. 1954-ல் டெல்லியில் தேசிய நவீன ஓவியக்கூடம் திறந்தபோது அதன் அஸ்திவாரமாக இருந்த தொகுப்புகளில் அவருடையது முக்கியமானது. இன்று நூற்றுக்கு மேல் அங்கேதான் இருக்கின்றன. அதனால்தான் வெளியே ஏலத்துக்கு ஒன்று வந்தால் விலை அப்படி ஏறுகிறது. சந்தைக்கு வருவதே கை விரல்களால் எண்ணக்கூடியவை.

தரகருக்கும் ஒரு வரி எழுதினேன். அம்ரிதா ஷேர்கில்லின் ஓவியங்கள் 1976-லேயே தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டவை. ஒருவேளை அசலாகவே இருந்தாலும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. உள்ளேயே விற்கலாம், வாங்கலாம், அவ்வளவுதான். ‘துபாய் பார்ட்டி இருக்கு’ என்று அவர் பேரனிடம் சொல்லியிருந்தார். அந்த வரிக்கு அப்புறம் தரகரின் சத்தம் இல்லை.

ஒப்படைத்தது

வார்னிஷை எடுக்கவில்லை, எடுத்தால் அச்சு மையும் சேர்ந்து வந்துவிடும். பஞ்சால் ஒற்றித் தூசியை மட்டும் எடுத்து, அமிலமில்லாத அட்டை வைத்து, படத்தைத் தொடாமல் இடைவெளி விட்டுக் கண்ணாடி போட்டேன். 1968 பத்திரிகைத் தாளையும் கரோல் பாக் சீட்டையும் ஒரு கவரில் போட்டு முதுகில் ஒட்டினேன். அடுத்த தலைமுறையில் எவனாவது ஆணியைப் பிடுங்கினால் குழம்பாமல் இருக்கட்டும். சட்டத்துக்கு 900 ரூபாய் சொன்னேன். மாமி 800 கொடுத்து, இரண்டு கட்டு அப்பளமும் கொடுத்தார்.

படத்தை அதே ஆணியில் மாட்டினேன். இது டெல்லியில் வாங்கிய அச்சு, உள்ளே இருப்பவர் உங்கள் மாமனார் இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போயிருந்தேன். சொன்னேன். மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கிட்டே போய் நின்று பார்த்தார்.

“சரி, இல்லேன்னா போறது. ஆனா வாத்தியார், அந்த மூக்கு எங்காத்து மூக்குதான்.”